காலை வானொலியும் ஒரு நோட்டும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், காலை வானொலி கேட்டுக்கொண்டே 1978 முதல் நான் எழுதிவரும் நோட்டுகளைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஒரு துணிப்பை நிறைய இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கே பக்கங்களைத் தருகிறேன்.

வணக்கம் டீச்சர். காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது வானொலியில் கர்நாடக இசை கேட்கத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு ராகம் எதுவும் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
*(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)*

ராகத்தின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதே அம்மா. இன்று கேட்டது நேற்றுக் கேட்டதுதானா, வேறா? இந்த ஒரு கேள்வியில் ஆரம்பி.

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு ரேடியோ சமையலறை அலமாரியில்தான் இருந்தது. திருச்சி நிலையம், 936 கிலோ ஹெர்ட்ஸ். முள்ளை யாரும் நகர்த்த மாட்டோம். என் அம்மா பாட்டுக் கற்றவர் இல்லை. ஒரு நாள் கடுகு தாளித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இது நேற்று வந்தது இல்லை, அதன் தங்கை. ஏறுகிற படி அதேதான், இறங்குகிற படிதான் வேறு" என்றார். முந்தின நாள் வந்தது மோகனம், அன்றைக்கு வந்தது பிலஹரி. பிலஹரி ஏறும்போது மோகனத்தின் ஐந்து சுரங்களில் ஏறும். இறங்கும்போது சங்கராபரணத்தின் ஏழு சுரங்களிலும் இறங்கும். ம, நி இரண்டும் இறங்கும் வழியில்தான் வரும். ஒரு ராகத்தின் பெயர்கூடத் தெரியாத அம்மா அதன் இலக்கணத்தையே சொல்லிவிட்டார். எனக்கே அது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை "ரா ரா வேணு கோபபால" என்ற ஸ்வரஜதியைப் பாடம் செய்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரும் ஸ்வரஜதி அது, பிலஹரியில் அமைந்தது. ஜன்னலோரம் நின்று கேட்டபோது அம்மா சொன்ன இரண்டு படிகளும் காதில் விழுந்தன.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி போட்டு, பாடியவர் பெயர், பாட்டின் முதல் வரி, அறிவிப்பில் சொல்லும் ராகம், வயலின் யார், மிருதங்கம் யார் என்று எழுது. பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் சொல்லும் அந்த ஒன்றிரண்டு வாக்கியங்களைத் தவறவிடாதே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் பெயரை மட்டுமாவது எழுதிவிட்டு ஓடு. மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார். ஒரே ராகத்தின் பெயரை ஏழெட்டு இடத்தில் உன் கையெழுத்திலேயே பார்ப்பாய். அன்றிலிருந்து அது உனக்குப் பழகிய ராகம்.

கைபேசியிலும் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்பாய். கிடைக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் நாம் விரும்பிக் கேட்ட பாட்டைப் போன்ற பாட்டுகளையே அது அடுத்தடுத்துத் தரும். காலை வானொலியில் எதை வைப்பது என்று முடிவு செய்கிறவர் வேறொருவர். நாமாகத் தேடிப் போயிருக்கவே மாட்டாத பாடகர் அங்கேதான் வந்து நிற்பார். என் நோட்டுகளில் இருக்கும் பெயர்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான்.

எம்.டி. ராமநாதனின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் காலையில் ஒலிபரப்பினார்கள். பாட்டு நகரவே இல்லை என்று தோன்றியது. பெரியவர்கள் அவர் பாட்டென்றால் உயிரை விடுகிறார்கள். என்னால் அவரை எப்படி ரசிக்க முடியும்?
*(வங்கி ஊழியர், தஞ்சாவூர்)*

என் 1980ஆம் வருட நோட்டில் அவர் பெயருக்கு எதிரே "மிகவும் சவுக்கம்" (மிக மெதுவான நடை) என்று இரண்டே சொற்கள் இருக்கின்றன. 1986 நோட்டில் அவர் பாடிய ஒரே ஒரு கீர்த்தனைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். இடையில் அவர் மாறவில்லை. 1984இல் காலமாகியே விட்டார். மாறியது என் காது.

அந்த ஒன்றரைப் பக்கம் ரீதிகௌளை ராகத்தில் சுப்பராய சாஸ்திரி இயற்றிய "ஜனனி நின்னுவினா" பற்றியது. டைபாய்டு வந்து மூன்று வாரம் பள்ளிக்கு விடுப்பு எடுத்துப் படுத்திருந்தேன். அவசரமாகக் கிளம்ப வேண்டிய வேலை எதுவும் இல்லாத காலை அது. மிச்ர சாபு தாளம், ஏழு எண்ணிக்கை. நான் கணக்கு டீச்சர், கை தானாக எண்ணத் தொடங்கிவிடும். எண்ணிக்கொண்டே கேட்டபோதுதான், அவர் "ஜனனி" என்ற சொல்லை வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் எவ்வளவு இடம் விடுகிறார் என்பது தெரிந்தது. அந்த இடத்தில் தம்புரா கேட்கிறது. தம்புரா கேட்பதால், அடுத்து அவர் எடுக்கும் சுரம் சுருதியில் போய் உட்காரும் அந்த நொடியும் கேட்கிறது. வேகமாகப் பாடுகிறவர்களிடம் நாம் சுரங்களைக் கேட்கிறோம். இவரிடம் ஒரு சுரம் இன்னொன்றாக மாறுவதையும் கேட்க முடிகிறது. ஜனனி என்றால் அம்மா. அம்மாவைக் கூப்பிடுகிற பாட்டுக்கு இந்த நிதானத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

அவர் 1923இல் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்தவர். கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். தாம் இயற்றிய பாட்டுகளில் "வரததாச" என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தார். அடித்தொண்டையில் தாழ்ந்த சுருதியில் நிற்கும் குரல். அந்தக் குரலுக்கு எந்த நடை பொருந்தும் என்று தெரிந்து பாடியவர் என்பது என் கருத்து.

ஒன்று செய்யுங்கள். விடுமுறை நாளில் கேளுங்கள், கையால் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் ஐந்து வருடம் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது. அதன்பின் ஒரு முறை கேளுங்கள்.

மாலையில் பாட வேண்டிய ராகத்தைக் காலையில் ஒலிபரப்பலாமா?
*(வாசகர், காரைக்குடி)*

பூபாளம், பௌளி, மலயமாருதம், பிலஹரி எல்லாம் காலைக்கு உரியவை என்று மரபு உண்டு. இந்துஸ்தானியில் நேரத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். நம் கச்சேரி மேடையில் அந்தக் கண்டிப்பு இல்லை. மாலைக் கச்சேரியில் பிலஹரி பாடினால் யாரும் எழுந்து போவதில்லை. காலை ஆறரைக்கு மாலை ராகமான கல்யாணி வந்தால் நீங்களும் எழுந்து போகாதீர்கள்.

பழைய இசைத்தட்டுப் பாட்டுகள் தொடங்கியதும் முடிந்துவிடுகின்றன. பாதியை வெட்டிவிட்டு ஒலிபரப்புகிறார்களா?
*(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விருத்தாசலம்)*

வெட்டவில்லை ஐயா. தட்டில் இருந்ததே அவ்வளவுதான். அந்தக் காலத்து அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். கணக்குப் போட்டால் 234 சுற்றுகள். பல்லவி, அனுபல்லவி, சரணம், முடிந்தால் கொஞ்சம் கற்பனை ஸ்வரம், எல்லாவற்றையும் அந்த 234 சுற்றுக்குள் முடித்தாக வேண்டும்.

மேடையில் ஒரு மணி நேரம் ராகம் பாடக்கூடிய வித்துவான்களை இந்தத் தட்டின் முன்னால் நிறுத்தினார்கள். எதை விடுவது என்று அவர்களே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தத் தட்டுகளை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய "எவரனி" என்ற தியாகராஜ கீர்த்தனையைத் தேவாம்ருதவர்ஷிணி ராகத்தில் கேட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே குரல் உச்சியில் நிற்கும், அங்கே நின்றுகொண்டுதான் மற்றதெல்லாம் நடக்கும். நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசை வரை எட்டிய குரல். 1933இல் 27 வயதில் இறந்துவிட்டார். தட்டுகள் இல்லையென்றால் அந்தக் குரலைப் பற்றிய கதைகள் மட்டும்தான் நமக்கு மிஞ்சியிருக்கும். ஜி.என். பாலசுப்பிரமணியம் கல்யாணியில் பாடிய "வாசுதேவயனி" தட்டையும் தவறவிடாதீர்கள். பிருகாக்கள், அதாவது வேகமாக உருளும் சுரக் கோவைகள், ஒவ்வொன்றும் மணி கோத்ததுபோல் தனித்தனியாக விழும். 1951இல் மறைந்த என்.சி. வசந்தகோகிலத்தின் தட்டு எது வந்தாலும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தட்டைச் சுழற்றும் வேகம் சற்றுக் கூடினாலும் சுருதி ஏறிவிடும், குரல் மெலிந்து கீச்சென்று கேட்கும். இணையத்தில் உலவும் பிரதிகளில் இது நிறைய உண்டு. ஒரு பாடகரை அப்படிப்பட்ட ஒரே பிரதியை வைத்து எடைபோட்டுவிட வேண்டாம்.

எனக்குப் பொருள் புரிய வேண்டும். தமிழ்ப் பாட்டுகளை மட்டும் தேடிக் கேட்க வழி உண்டா?
*(தையல் தொழில் செய்யும் வாசகி, இராசபாளையம்)*

உண்டு அம்மா. முத்துத்தாண்டவர், மாரிமுத்தா பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்ற பெயர்கள் அறிவிப்பில் வரும்போதெல்லாம் காதைக் கொடுங்கள். இந்தப் பெயர்கள் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் நான் உங்களிடம் சொல்ல ஆசைப்படுவது கோடீசுவர ஐயரைப் பற்றி.

மற்ற ராகங்களுக்குத் தாயாகச் சொல்லப்படும் 72 மேளகர்த்தா ராகங்கள் இருக்கின்றன அல்லவா? அத்தனையிலும் தமிழில் முருகன் மேல் கீர்த்தனை செய்தவர் அவர். தாத்தா கவி குஞ்சர பாரதியை நினைத்துக் "கவி குஞ்சர தாசன்" என்று முத்திரை வைத்தார். அந்த 72இல் 40 ராகங்கள் விவாதி ராகங்கள். அதாவது சுரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பவை. முதல் மேளமான கனகாங்கியில் ஸ, ரி, க மூன்றும் ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த மூன்று கட்டைகள். வாயால் பாடிப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். விவாதி பாடினால் தோஷம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

இந்தப் பாட்டுகளை எடுத்துப் பாடிப் பாடி நம் காதில் பதிய வைத்தவர் எஸ். ராஜம். சென்னை வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934இல் வந்த "சீதா கல்யாணம்" படத்தில் ராமராக நடித்த சிறுவர் அவர்தான். ஓவியரும்கூட. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மூவர் என்றால் நம் கண்ணில் வரும் உருவங்கள் அவர் வரைந்தவை. உங்கள் வீட்டுக் காலண்டரில்கூட அவை வந்திருக்கலாம். பெரிய சபாக்களில் மற்றவர்களுக்குக் கிடைத்த கூட்டம் இவருக்குக் கிடைக்கவில்லை. நானே காலை வானொலியில்தான் முதலில் கேட்டேன். முகாரியோ தோடியோ என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோது, கேட்டே இராத ஒரு ராகத்தில், ஒவ்வொரு சொல்லும் புரியும் தமிழில், ஒரு குரல் வந்தது. நோட்டில் ராகத்தின் பெயரைத் தப்பாக எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறேன். 2010இல் மறைந்தார். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய குரல் அது.

வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்ததாமே, உண்மையா?
*(பஜனைக் குழு உறுப்பினர், கும்பகோணம்)*

உண்மைதான். 1940 மார்ச் மாதம் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிறுத்தியது. 1971இல்தான் தடை தளர்ந்தது. இரண்டு கட்டைகளுக்கு இடையில் கமகம், அதாவது சுரத்தை அசைத்துக் குழைப்பது, போய்வர வழியில்லை என்பது முக்கியக் காரணம். தோடி ராகத்தின் காந்தாரத்தை ("க" சுரத்தை) ஒரு கட்டையில் அழுத்திக் காட்டிவிட முடியாது என்பது சரிதான். அதற்காக முப்பது வருடம் ஒரு வாத்தியத்தையே வாசலில் நிறுத்தியிருக்க வேண்டாம். நம் நாடக மேடைகளையும் பஜனை மடங்களையும் தாங்கி நின்ற வாத்தியம் அது.

நிலையம் தொடங்கும்போது வரும் அந்த மெட்டு யாருடையது? அதற்கடுத்து ஏன் எப்போதும் நாகஸ்வரம்?
*(பள்ளி மாணவர், கோவில்பட்டி)*

தம்புராவின் மேல் வயலின் வரும் அந்தச் சின்ன மெட்டை அமைத்தவர் வால்டர் காஃப்மன். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த யூதர். ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கிய நேரத்தில், 1934இல் பம்பாய் வந்து சேர்ந்தார். பிறகு அங்கே வானொலியில் இசைப் பொறுப்பில் இருந்தார். அந்த மெட்டைச் சிவரஞ்சனி ராகம் என்பார்கள். ஊரை விட்டு வந்த ஒருவர் போட்ட மெட்டில்தான் இத்தனை வருடமாக நம் வீடுகளில் பொழுது விடிகிறது. இருட்டில் எழுந்து அதைக் கேட்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

நாகஸ்வரம் மங்கள வாத்தியம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் முதலில் கேட்பது அதுதானே தம்பி, அதனால்தான் நம் நிலையங்களில் மங்கள இசை முதலில். உன் ஊர்ப் பக்கத்துக்காரரான காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவு வரும் காலை உனக்குக் கிடைக்கட்டும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964இல், 43 வயதுக்குள் போய்விட்டார். "சிங்கார வேலனே தேவா" பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு வரும் நாகஸ்வரம் அவருடையதுதான். அதோடு நின்றுவிடாமல் அவருடைய ராக ஆலாபனைகளைத் தேடு.

நான் மிருதங்கம் கற்கிறேன். பாட்டைக் கேட்கும்போது மிருதங்கத்தைத் தனியாக எப்படிக் கவனிப்பது?
*(மாணவர், புதுக்கோட்டை)*

உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு வாசிப்பு மரபு இருக்கிறது. அந்த மரபில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பதிவுகளிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் இடக்கைக்காரர். மேடையில் அதனால் உட்காரும் இடத்தையே மாற்ற வேண்டியிருந்தது, வயலின்காரர்களோடு சங்கடமும் வந்தது. வானொலியில் அதெல்லாம் தெரியாது. மிருதங்கத்தின் அடர்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் அவர் தரும் கும்கி என்ற குழைவான ஒலி மட்டும் தெரியும். ரேடியோவின் ஒலியைக் குறைத்துவிட்டு அருகே போய் உட்காருங்கள். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் தொப்பி என்ன சொல்கிறது என்று மட்டும் பத்து நாள் கேளுங்கள். மறுபக்கமான வலந்தலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டீச்சர், என் அப்பா இருபது வருடமாகக் காலை வானொலிக் கச்சேரிகளைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். 60 கேசட்டுகள் இருக்கின்றன. என்ன செய்வது?
*(வாசகி, திருவாரூர்)*

முதலில், எதையும் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கேசட்டின் முதுகுப் பக்கத்திலும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அதன்பின் கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது. நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவற்றை ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கலாக வரும், கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இயந்திரத்தில் நாடா உரசிப் போகும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்த பிறகே முதல் கேசட்டைப் போடுங்கள். 90 நிமிடக் கேசட்டுகளின் நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் அப்பா எழுதியிருப்பதை எல்லாம் படம் எடுத்துவிடுங்கள். பதிவு ஒன்று, எழுத்து ஒன்று என்று பிரிந்துபோனால் யார் பாடியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, இதை அனுபவத்தில் சொல்கிறேன். ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து நானும் நாலு கேசட் பதிந்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் அவற்றைக் கணினிக்கு மாற்றித் தரும்படி ஒரு கடையில் கொடுத்தேன். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். பாட்டு மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்து அறிவிப்பை வெட்டிவிட்டார்கள், நடுவில் கேட்ட சத்தங்களை நீக்கிவிட்டார்கள். யார் வயலின், யார் மிருதங்கம் என்பது போயிற்று. ஒரு கேசட்டில், ராகம் முடிந்து கீர்த்தனை எடுக்கும் இடத்தில், என் அம்மா "பாலை இறக்குடி" என்று சொன்னது பதிவாகியிருந்தது. அதுவும் போயிற்று. மூலக் கேசட்டை அவர்கள் திருப்பித் தந்தபோது நாடா நடுவில் மடங்கி நசுங்கியிருந்தது. அந்த இடம் இப்போது ஓடுவதில்லை.

உங்கள் கேசட்டுகளில் உங்கள் அப்பாவின் இருமலோ, அவர் உங்களைக் கூப்பிட்டதோ எங்காவது இருக்கும். கடையில் கொடுப்பதானால், "எதையும் வெட்ட வேண்டாம், எதையும் சுத்தம் செய்ய வேண்டாம், முதலிலிருந்து கடைசி வரை அப்படியே" என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கேசட்டோடும் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். ஒரே தடவையில் அறுபதையும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இரண்டைக் கொடுத்து, திரும்பி வந்ததை முழுவதும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதன்பின் மற்றவற்றை எடுத்துப் போங்கள்.